பாதியில் நிற்கும் மேகசின்

எழுபதுகளில் கனடாவில், மான்ட்ரியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் எதிர்க் கட்டடத்தில் குடியிருந்தார் அந்த வங்கிக் காவலர். யாழ்ப்பாணத்துக்காரர். நெடிய உருவம், வீட்டிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சீருடை. வேலை முடிந்து வந்ததும் கைத்துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் மேகசினைச் செருகிப் பார்ப்பார். அது பாதியிலேயே நின்றுவிடும். நின்றதைப் பார்த்தபிறகுதான் தேநீர் போடுவார்.

ஒரு மாலை, அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது காரணம் கேட்டேன்.

“இது வேற மொடல் பிஸ்டலின்ரை. சரியானதை வேலையிடத்திலை குடுத்திட்டு வாறன். வீட்டிலை பிஸ்டல் சுடக்கூடாது.”

“தனியாத்தானே இருக்கீங்க? இங்க யாருக்கு என்ன ஆகப்போகுது?”

“ஓம் டொக்டர், தனியத்தான் இருக்கிறன். அதாலைதான்.”

மாட்டியிருந்த பனிக் காலணியைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.