முதல் வியாபாரமும் ஒரு கேம்பேடும்

பிரித்த பெட்டியைத் திருப்பி வாங்கக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். ஒரே வாடிக்கையாளருக்காக அதை அடுத்தடுத்து மீறி, முதலாளியிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது. கேட்க அற்பமாக இருக்கும். கம்ப்யூட்டரில் விளையாட ஒரு கேம்பேட், அவ்வளவுதான். ஆனால் அது சரியாக அமையாவிட்டால் கிள்ளானில் ஒரு மனிதர் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப மாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த நேரத்தில் கடை நிறைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

1. பிளாஸ்திரி ஒட்டிய பேட்

தொண்ணூறுகளின் பின்பாதி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கடை. முதலாளி குணாவை நாங்கள் பாஸ் என்போம். நான் ராஜி, கவுண்டரில் நின்று விற்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் வியாபாரம் நடக்கிறது என்று நானும், அதனால்தான் கெடுகிறது என்று பாஸும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது மாதிரி எந்த ஓட்டையிலும் செருகினால் வேலை செய்கிற கேம்பேட் அப்போது இல்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் சவுண்ட் கார்டில் அகலமான ஒரு போர்ட் இருக்கும். அதில் செருகி, டிரைவர் போட்டு, கேலிபரேஷன் செய்ய வேண்டும். அதாவது திசை பட்டன் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் நான் மூன்று கேள்வி வைத்திருந்தேன். என்ன கேம், என்ன மெஷின், எத்தனை பட்டன் வேண்டும். பதில் வந்ததும் பெட்டியை எடுத்து நீட்டிவிடுவேன்.

கமலா அக்கா கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்தார். கார் ஓட்டுகிற கேம், விளையாடப் போவது வீட்டுக்காரர் என்றார். இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி கைப்பிடி வைத்த எட்டு பட்டன் பேட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

“பிடிக்க சொகமா இருக்கும்க்கா. இதான் இப்ப நல்லா ஓடுது.”

அடுத்த வாரமே திரும்பி வந்தார். “கையில நிக்க மாட்டேங்குதும்மா.”

பாஸ் இல்லாத நேரம் என்பதால், சின்னக் கைப்பிடி வைத்த நான்கு பட்டன் பேட் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அதுவும் திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்தால் வலது பக்கக் கைப்பிடி முழுக்க பிளாஸ்திரி ஒட்டிப் பிய்த்த பிசின். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“என்னக்கா இது, சாமானுக்குக் காயமா? பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கீங்க. இத நான் யார் தலையில கட்டுறது?”

“அவரும் என்னென்னமோ பண்ணிப் பார்த்தாரும்மா,” என்றார். கண் கலங்கியது.

ஆளைப் பார்க்காமல் இனி மாற்ற மாட்டேன், சனிக்கிழமை அவரையே கூட்டி வாருங்கள் என்று கறாராகச் சொன்னேன். வர மாட்டார் என்றார். வந்தால்தான் உண்டு என்றேன்.

அக்கா போன பிறகு பாஸ் அந்தப் பிசின் பேடைப் பார்த்துவிட்டார்.

“நீ என்ன ராஜி, கடையா நடத்துற, லைப்ரரியா நடத்துற? எடுத்துட்டுப் போய் படிச்சிட்டு திருப்பிக் குடுக்க?”

வாயை மூடிக்கொண்டு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பிசின் போகவே இல்லை.

2. சனிக்கிழமை காலை

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. கடை திறக்கும் முன்பே படியில் ஆட்கள் நின்றார்கள். பாஸ் சூடம் காட்டிவிட்டுத்தான் கல்லாவைத் திறப்பார். முதல் வியாபாரத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேரம் கூடாது, கொடுப்பதும் வாங்குவதும் வலது கையில்தான் இருக்க வேண்டும். ஒரு நாள் அவர் மனைவியே இடது கையால் டீ நீட்டியபோது, வலது கைக்கு மாற்றி நீட்டச் சொன்ன மனிதர்.

அன்றைக்கு முதலில் ஏறி வந்தது கமலா அக்காவும் அவர் வீட்டுக்காரரும்தான். சேகர் என்று பெயர். வாட்டசாட்டமான ஆள். வலது கையை கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

நான் வேறொரு பேடை எடுத்து வைத்தேன். விலை சற்றுக் கூடுதல், வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும். சேகர் சட்டைப் பையிலிருந்து பணத்தை இடது கையால் எடுத்து நீட்டினார்.

பாஸ் கையை நீட்டவில்லை. “வலது கையால குடுங்க சார். முதல் வியாபாரம் லா.”

சேகர் அசையவில்லை. நீட்டிய இடது கை நீட்டியபடியே இருந்தது. பின்னால் நின்ற ஒருவர், “மரியாதையக் கூட சொல்லிக் குடுக்கணும் போல,” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“நான் குடுக்கிறேங்க, இங்க குடுங்க,” என்று கமலா அக்கா பதறிக்கொண்டு பணத்தைப் பிடித்தார். சேகர் அவரை விலக்கினார். பைக்குள்ளிருந்த கையை மெதுவாக வெளியே எடுத்து கவுண்டர் கண்ணாடி மேல் வைத்தார். நான்கு விரல்தான் இருந்தது. கட்டை விரல் இருக்க வேண்டிய இடத்தில் தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை.

“இதால குடுக்கணுமா பாஸ்?”

பாஸின் முகம் செத்துப்போனது. சேகர் கையைத் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் கமலா அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் கொட்டித் தீர்த்தார். பலகை பேக்டரியில் மெஷினில் சிக்கிக் கட்டை விரல் போனது. பேக்டரி நல்ல மாதிரி, கொன்ட்ரோல் ரூமில் பட்டன் பேனலைப் பார்க்கிற வேலை தருகிறோம், திங்கட்கிழமை வந்து செய்து காட்டு என்கிறது. இவர் போக மாட்டேன் என்கிறார்.

“கட்டை விரல் இல்லாதவன் எந்தப் பட்டன அழுத்துறதுன்னு கேக்குறாரும்மா. முன்னல்லாம் இந்த கார் கேம்னா உயிரு. இத வெளையாடிட்டா கை மேல ஒரு நம்பிக்கை வருமேன்னு பார்த்தேன். இன்னைக்கு வந்ததே பெரிய பாடு. இனிமே அவர் வீட்டு வாசலத் தாண்ட மாட்டாரு.”

தடதடவென்று இறங்கி ஓடினேன். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பாஸ், செருப்புகூடப் போடாமல் வந்துகொண்டிருந்தார்.

3. மேலே வாங்க

சேகர் கீழே பூமாலைக் கடைப் பக்கம் நின்றிருந்தார்.

“மேல வாங்க தம்பி,” என்றார் பாஸ்.

“எதுக்கு? பாவம் பார்க்கவா?”

“பாவம்லாம் இல்ல லா. என் முதல் வியாபாரம் பாதியில நிக்குது. அது முடியாம வேற யாருக்கும் நான் விக்க மாட்டேன். அது என் பழக்கம். நீங்க வரலன்னா இன்னைக்கு கடைய மூட வேண்டியதுதான்.”

தீபாவளி சனிக்கிழமையில் கடையை மூடுவாராம். நான் அவரை அதிசயமாகப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

சேகர் மாடிப் படியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “மேல அத்தன பேர் நிக்கிறாங்க,” என்றார்.

“அவங்கள நான் பார்த்துக்கிறேன் அண்ணே,” என்றேன்.

மேலே போய் எல்லோரையும் படிக்குத் தள்ளினேன். மரியாதை பேசிய ஆசாமி, “நாங்களும் கஸ்டமர்தான்,” என்று முறைத்தார். “மரியாதைய சொல்லிக் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. கீழ நில்லுங்க, சொல்லித் தரேன்,” என்றேன். இறங்கிவிட்டார். பிறகு பாஸ் சேகரைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொடுத்த பேட் எல்லாமே கைப்பிடி வைத்தவை. கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும். பிளாஸ்திரி போட்டுக் கையோடு கட்டிப் பார்த்திருக்கிறார் மனிதர். அலமாரியின் அடித்தட்டில் யாருமே சீண்டாத பழைய ஸ்டாக் ஒன்று கிடந்தது. கைப்பிடியே இல்லாத, தட்டையான, நீள்சதுரப் பேட். இடது பக்கம் திசை, வலது பக்கம் நான்கு பட்டன். எடுத்துத் தூசி தட்டி, டெமோ மெஷினில் செருகி, கேலிபரேஷன் முடித்து, கார் கேமைப் போட்டேன்.

சேகர் அதையும் காற்றில் தூக்கித்தான் பிடித்தார். ரேஸ் தொடங்குவதற்குள் வலது பக்கம் நழுவி, பேட் கண்ணாடி மேல் தடாலென்று விழுந்தது. அவர் கை மறுபடியும் பைப் பக்கம் போனது. கமலா அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. என் வாயை நம்பாமல் சும்மா இருந்தேன்.

பைக்குள் பாதி போன கை நின்றது. அவர் பேடை அப்படியே கவுண்டர் மேல் படுக்க வைத்தார். இடது கை கட்டை விரலைத் திசை பட்டனில் வைத்துக்கொண்டு, வலது கையின் நான்கு விரல்களை ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி மேலிருந்து பட்டன்களில் வைத்தார். அழுத்தியதும் கண்ணாடியில் பேட் வழுக்கிக்கொண்டு போனது. பாஸ் மௌஸுக்கு அடியில் கிடந்த மௌஸ் பேடை உருவி, கேம்பேடுக்குக் கீழே செருகினார்.

முதல் வளைவில் கார் சுவரில் மோதியது. திரும்பவும் மோதியது. அவர் நெற்றியில் வேர்வை ஓடியது. அதற்கடுத்த முறை ஆள்காட்டி விரல் வேகத்துக்கும் நடுவிரல் பிரேக்குக்கும் பழகிவிட்டன. கார் வளைவில் திரும்பி, நேர் பாதையில் பிய்த்துக்கொண்டு போனது. எங்களுக்கெல்லாம் நான்கு பட்டனுக்கும் ஒரே கட்டை விரல்தான், இங்கேயும் அங்கேயும் ஓட வேண்டும். அவருக்குப் பட்டனுக்கு ஒரு விரல் இருந்தது.

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “பேக்டரி பேனலும் இப்பிடித்தான் படுத்தாப்ல இருக்கும். அத யாரும் தூக்கிப் பிடிக்கிறதில்ல.”

கமலா அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சேகர் பணத்தை எடுத்தார். வலது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து நீட்டினார். பாஸ் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். பிறகுதான், “அவங்கள வரச் சொல்லு ராஜி,” என்றார்.

இன்றைக்குக் கடைகளில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பட்டன் எத்தனை, விலை எவ்வளவு என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். பிடிக்கப் போகிற கை எப்படி என்று எந்தப் பெட்டியிலும் போட்டிருக்காது, அதை நாம்தான் கேட்க வேண்டும். நான் அதற்குப் பிறகு கேம்பேட் கேட்டு வந்த எல்லோரிடமும், “எங்க, கையக் காட்டுங்க,” என்றுதான் ஆரம்பித்தேன். ஜோசியம் பார்க்கிறாயா என்று கேலி செய்தவர்களும் உண்டு.

திங்கட்கிழமை காலை கடை போன் அடித்தது. கமலா அக்கா.

“பஸ் ஏறிட்டாரும்மா. சாப்பாட்டுக் கேரியர இடது கையிலதான் குடுத்தேன். வாசல் வரைக்கும் போனவரு, வலது கைக்கு மாத்திக்கிட்டாரு.”