விட்டு வாசித்த பக்கங்கள்

என் கால்விரல்கள் மரத்துப்போன வாரத்தில் குடும்பத்தில் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. மல்கிரேவ் புறநகரிலுள்ள என் அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்திருப்பதால் இடுப்பு நரம்பு பிடித்துக்கொண்டது என்று என் கணவர் ருவன் நம்பினார். குளிர்காலத்தில் வெறுங்காலோடு குசினித் தரையில் நிற்பதால் வந்த வினை என்று அம்மா நம்பினார். இருவரும் அதை என்னிடம்தான் சொன்னார்கள். ஒருவரோடொருவர் பேசும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

ருவன் சிங்களவர். அம்மாவின் தம்பியை, நாங்கள் இங்கே புலம்பெயருமுன், ஊரில் இராணுவம் கூட்டிச் சென்றது, மாமா திரும்பவில்லை. எங்கள் திருமணத்துக்கு அம்மா வரவில்லை. கிரான்பர்னில் என் தங்கையின் வீட்டில் வாழ்ந்த அவர், ருவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்தே என்னிடம் வருவார்.

சில நாட்களில் படியேற முடியாமல் போயிற்று. பிறகு கையிலிருந்த கரண்டி விழுந்தது. மருத்துவமனையில் முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே பகையென்று எண்ணித் தாக்கும் நோய்).

“பெரும்பாலானோர் மீண்டுவிடுவார்கள். ஆனால் அதற்கு முன் இன்னும் மோசமாகும்” என்றார்.

மோசமாயிற்று. மரப்பு தொடைக்கும், கைகளுக்கும், முகத்துக்கும் ஏறியது. மூச்சுத் தசைகள் ஓய்ந்தபோது தொண்டையில் துளையிட்டுச் சுவாசப் பொறியோடு இணைத்தார்கள். எனக்கென்று எஞ்சியவை கண்மணிகளின் அசைவும் செவிகளும்தான்.

இதே நோயில் கிடப்பவரின் அருகில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் உறங்கவில்லை. மரத்த உடலிலும், குதிகாலின் கீழ் விரிப்பு மடங்கியிருந்தால் அது தணல்போல் சுடும். மூக்கு நுனியில் அரிப்பெடுத்தால் அது தானாக அடங்கும்வரை உலகில் வேறெதுவும் இராது. என் உடல் வெளியிலிருந்து பூட்டப்பட்ட அறையாக இருந்தது. கதவுக்கு அப்பால் எல்லோரும் நடமாடினார்கள்.

என் கைப்பையில் பாதி வாசித்த நாவல் ஒன்று கிடந்தது. அயர்லாந்தின் பஞ்சகாலக் கதை. பட்டினி கிடக்கும் ஊரிலிருந்து தானிய வண்டிகள் துறைமுகத்துக்குப் போகின்றன. அவற்றுக்குக் காவல் வரும் ஆங்கிலேயச் சிப்பாய் தாமஸ். அவனை விரும்பும் ஐரிஷ் பெண் நோரா. வாசித்துக் காட்டுவது நல்லது என்று தாதி சொன்னதும், வேலைக்குப் போகுமுன் ருவன் வாசித்தார். பிற்பகலில் அம்மா வாசித்தார். அம்மா ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். இருவரும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ருவன் கார் நிறுத்துமிடச் சீட்டைப் பக்க அடையாளமாக வைப்பார். அம்மா அதை எடுத்துவிட்டுத் திருநீறு சுற்றிய தாளை வைப்பார்.

மெல்ல மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. நோராவும் தாமஸும் தனித்திருக்கும் இடம் வந்தால் அம்மாவின் குரல் தடுமாறும், தாள்கள் புரளும், அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடும். ஊராரும் சிப்பாய்களும் மோதும் இடங்களை ருவன் அவ்வாறே தாண்டினார். காதலும் பகையும் நீங்கிய கதையொன்று நாள்தோறும் என் காதில் விழுந்தது. நான் வாசித்த பாதியில் வந்த நோராவின் தமையன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. கேட்க வாயில்லை. நோய் தந்த சிறைக்குள் அன்பு கட்டிய இன்னொரு சிறை.

பேச்சுச் சிகிச்சையாளர் எழுத்துப் பலகையோடு வந்த நாளில் இருவரையும் ஒன்றாக அழைத்திருந்தார். அவர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். எனக்கு வேண்டியது வந்ததும் நான் கண்ணை மேலே உயர்த்த வேண்டும். என் முதற்சொல்லுக்காக இருவரும் பலகையைப் பார்த்து நின்றார்கள்.

“என்னவாம்?” என்றார் அம்மா, சிகிச்சையாளரிடம்.

சிகிச்சையாளர் தாளில் எழுதியதைப் பார்த்த ருவன், தான் கற்ற அரைகுறைத் தமிழில் பதில் சொன்னார். “பக்கம் விட்டு வாசிக்க வேணாமாம், அன்ரி.”

“நான் எங்கை விட்டனான்? அந்த வெக்கங்கெட்ட இடங்களை மட்டும்தான்.”

“நான்… சண்டை மட்டும்.”

“அப்ப ரெண்டு பேருமாச் சேந்து பிள்ளைக்கு என்னத்தை வாசிச்சனாங்கள்? மழையும் குதிரையுமோ?”

ருவன் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. கதிரையை ருவன் பக்கமாக இழுத்துப் போட்டு, “கொண்டாரும் புத்தகத்தை. எந்த இடம் எண்டு காட்டும்” என்றார்.

ருவன் தயங்கினார். “இது வேணாம், அன்ரி.”

“அவள் கேட்டவள். விடும்.”

அம்மா வாசித்தார். தானிய வண்டியை மறித்த கூட்டத்தின் மீது தாமஸின் படையணி சுடுகிறது. நோராவின் தமையன் விழுகிறான். தாமஸ் அன்று காவலில் இல்லை; ஆனால் அதே சீருடைதான். ஆண்டு ஒன்று கழிந்து நோரா அவனோடு சிட்னிக்குக் கப்பலேறுகிறாள். அவளுடைய தாய் துறைமுகத்துக்கு வரவில்லை. கதவைப் பூட்டி, அதன் பின்னே நின்று, வண்டிச் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வகுப்பில் வாசிப்பதுபோல ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நின்று, குரல் உடையாமல் வாசித்தார். புத்தகத்தை மூடினார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

“அந்த மனிசி துறைக்குப் போயிருக்கலாம்” என்றார். பிறகு, “தம்பி, உமக்கு வேலைக்கு நேரமாகேல்லையே?” என்றார்.

அதுவரை அம்மா அவரை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. என் கன்னத்தில் நீர் வழிந்தது. கண்மருந்து ஒழுகுவதாக எண்ணித் தாதி அதைத் துடைத்துவிட்டார்.

மீட்சி வந்தது, மேலிருந்து கீழாக, வந்த வழியே மெதுவாகத் திரும்பியது. முதலில் இமைகள், பிறகு தோள்கள். பொறியின் துணையின்றி நான் இழுத்த முதல் மூச்சுகள், வேறொருவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தன. பின்னர் சக்கர நாற்காலி, நடைச்சட்டம், தடி. பாதங்கள் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. எப்போதும் ஈர மணலில் நிற்பதுபோலத் தோன்றும்.

காலமும் மாறிவிட்டது. அவசரம் என்ற சொல்லை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. யாராவது அறையை விட்டுப் போகும்போது அவர்களின் காலடி ஓயும்வரை கேட்டிருக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

சென்ற குளிர்காலத்தில் அம்மா காலமானார். கடைசி ஆண்டுகளில் எங்களோடுதான் இருந்தார். ருவன் வாசிக்க, நாங்கள் இருவரும் கேட்போம்.

இன்றும் மாலையில் ருவன் எனக்கு வாசிக்கிறார். கதையில் இருவர் தனித்திருக்கும் இடம் வந்தால் அவர் குரல் தானாகத் தாழ்கிறது. கண் ஒருமுறை அம்மாவின் அறைக் கதவுப் பக்கம் போய் வருகிறது.

விடாமல் வாசியுங்கள் என்கிறேன். வீட்டில் இப்போது அவரும் நானும்தான் இருக்கிறோம்.