அம்சவள்ளியின் பிஸ்கட் டின்

ஐந்தாம் கட்டை ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எல்லாரும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பார்கள். அம்சவள்ளி மட்டும் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். அதுவும் ஏனோதானோவென்று இழுத்துவிட்டது இல்லை. ஓரம் பிசிறாமல், மேலுதட்டின் இரண்டு மேடும் ஒரே அளவாக, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி. தலையில் பழைய துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ், பால் காய்ந்து விறைத்துப்போன சட்டை. இதற்கெல்லாம் நடுவே அந்த உதடு!

"யாருக்கும்மா இந்த அலங்காரம்? மரத்துக்கா?" என்று பேர் கூப்பிடும்போதே, வேலை வாங்குகிற உடையப்பன் மண்டோர் வம்புக்கு இழுப்பார்.

"மரத்துக்குத்தான் மண்டோரே. என் நெரையில பால் எப்படி ஊத்துது, பாத்தீங்கள்ல?"

கூட்டம் சிரிக்கும். மண்டோரும் சிரித்துவிட்டு அடுத்த பேருக்குப் போவார். பல வருஷமாக நடக்கிற கூத்து இது. தோட்டத்துச் சனங்களின் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தில் அவளுக்கு 'லிப்ஸ்டிக்கு அக்கா' என்று பேரே வந்துவிட்டது. அவளுக்கும் அதில் கோபம் இல்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

அவளுடைய லிப்ஸ்டிக் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. கோல சிலாங்கூர் பாசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், பேரம் பேசி வாங்கியவை, பட்டணத்துச் சீனன் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துப் பார்த்து ஒரு மாசம் ஏங்கி வாங்கியவை, மகள் கங்கா முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஆங்கிலத்தில் ஏதோ பேர் ஒட்டியிருக்கும். அம்சவள்ளிக்கு அது வாசிக்க வராது. அதனால் என்ன, அவளே பேர் வைத்துவிட்டாள். மழையில் நனைந்து கீழே கிடக்கும் ஜம்புப் பழம் மாதிரி வெளிர்ச் சிவப்பாக இருப்பது ஜம்பு. கருஞ்சிவப்பு, மங்கூஸ்தான் தோல். விருந்தில் கிளாஸ் கிளாஸாக ஊற்றித் தருகிற ரோஸ் தண்ணியின் நிறம் என்றால் சிரப்பு.

உதட்டோடு நிற்கிற ஆளும் இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமையானால் நகத்து இடுக்கில் ஒட்டின ரப்பர் பாலை உருட்டி உருட்டி எடுத்துவிட்டு கியூடெக்ஸ் போடுவாள். ரவிக்கைக் கை எத்தனை விரல் இறங்க வேண்டும் என்று தையல்காரனோடு மல்லுக்கு நிற்பாள். கறுத்த பெண்ணுக்கு வெள்ளைப் பவுடரை அப்பி மணவறைக்கு அனுப்பினால் அவளுக்குப் பொறுக்காது. "புள்ள என்ன மாவு மில்லுலயா வேல செய்யுது? தொடைங்கடி!" என்று தானே உட்கார்ந்து துடைத்து, தானே அலங்காரம் செய்துவிடுவாள். அவள் கை பட்ட பெண்கள் அவரவர் நிறத்திலேயே அழகாக இருந்தார்கள்.

புருஷன் சேதுவுக்குத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. பேச்சு என்பது அவனுக்குப் பல்வலி மாதிரி. காலையில் காப்பியைக் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு சிரப்பா?" என்பான். சொல்வது சரியாகவும் இருக்கும். அதோடு சாயங்காலம் வரை வாய் மூடிக்கொள்ளும்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அம்சவள்ளி சுவரில் தொங்கும் கல்யாணப் படத்தைக் காட்டுவாள். அன்றைக்குக் கிள்ளானிலிருந்து வந்த ஒரு பொம்பளைதான் அவளுக்கு முதன்முதலாக உதட்டுக்குக் கலர் போட்டது. கண்ணாடி பார்க்கக்கூட விடாமல் மணவறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பந்தியில் சாப்பிட்டு எழுந்து கண்ணாடியைத் தேடிப் பிடித்தால், குழம்போடு கலரும் போயிருந்தது. சரி, படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். வந்தது கறுப்பு வெள்ளைப் படம். உதடு மை பூசினது மாதிரி கறுப்பாக இருந்தது.

"நான் அழகா இருந்தேனாம். எல்லாரும் சொன்னாங்க. நான்தான் பாக்கல," என்பாள். என்ன கலர் என்று அன்றைக்கு வந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாப்பிள்ளையைக் கேட்கலாம் என்றால், அது படத்திலேயே குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டு என்ன பயன்? புதுசாக ஒன்று வாங்கினால் போட்டுக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். இதுவா இருக்குமோ? கறுப்பு வெள்ளைப் படம் என்ன பதில் சொல்லும்! சரி, இதுவும் நல்லாத்தானே இருக்கு என்று டின்னில் போட்டுவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் கங்காவின் கல்யாணப் பேச்சு வந்தது. கங்கா ரவாங்கில் ஒரு பேக்டரியில் வேலை செய்தாள். அங்கேயே வேலை செய்கிற, பத்தாங் காலி ஊர்ப் பையன் பாலனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் தாய் இராஜம்மா ரொம்பக் கறார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினாள். "அவங்கம்மாவுக்குப் பிடிச்சாத்தாம்மா எல்லாம். இல்லன்னா பாலன் மீற மாட்டாரு," என்று சொல்லும்போதே கங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை அந்தப் பெண்ணுக்கு.

வெள்ளிக்கிழமையே சேதுவின் அக்கா நவமணி சுங்கை ஆயர் தாவாரிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள். நவமணி நல்லவள்தான். அவள் ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் மூச்சு முட்டும். வந்ததும் திரைச்சீலையை மாற்றினாள், நாற்காலியை இடம் மாற்றினாள், கடைசியில் அம்சவள்ளியின் முகத்தைப் பார்த்தாள்.

"இதோ பாரு அம்சவள்ளி. பொண்ணு பாக்க வர்றவங்க பொண்ணோட வாயப் பாக்கணும், பொண்ணப் பெத்தவ வாயப் பாக்கக்கூடாது. இந்தக் கருமத்த நாளையிலேருந்தே நிறுத்து. கறை போக வேணாமா?"

அம்சவள்ளி மகளைப் பார்த்தாள். 'விடுங்க அத்தை, எங்கம்மா இப்படித்தான்' என்று கங்கா ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தாள். கங்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அம்சவள்ளிக்குச் சுருக்கென்று தைத்தது. நாத்தனார் சொன்னதுகூடப் பெரிசில்லை.

"சரிங்க அண்ணி. எம் பொண்ணு நல்லாருந்தா போதும். உதடு எங்க ஓடிடப் போவுது," என்று டின்னை எடுத்துக் கொடுத்தாள். நவமணி அதைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

சனிக்கிழமை காலை அம்சவள்ளி வெறும் உதட்டோடு பெரட்டுக்குப் போனாள். உடையப்பன் மண்டோர் வழக்கமான கிண்டலுக்கு வாயைத் திறந்தவர், டார்ச்லைட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாம்மா ஆச்சு? மூஞ்சில ரத்தமே சுண்டிப் போயிருக்கே!"

"ஒண்ணும் இல்ல மண்டோரே."

"ஒண்ணும் இல்லயா? உதட்டப் பாரு, செத்தவ உதடு மாதிரி இருக்கு. மரத்தடியில விழுந்து தொலைச்சா நான்லா பதில் சொல்லணும். வீட்டுக்குப் போ. ஆஸ்பத்திரி டிரெசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே! அவள் லயத்துக்குத் திரும்புவதற்குள் சேதி அவளுக்கு முன்னால் போயிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. எதிர்வீட்டிலிருந்து இளநீர் வந்தது. இத்தனை வருஷம் கலரோடு பார்த்துப் பழகிய சனங்களுக்கு அவளுடைய சொந்த உதடு நோயாகத் தெரிந்தது. அம்சவள்ளிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டு முறுக்குச் சுட உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாலனும் இராஜம்மாவும் உறவுக்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். இராஜம்மா நெற்றி நிறைய விபூதியோடு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எடைபோட்டுப் பேசினாள். கங்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். இராஜம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டு வந்தது. நவமணி அம்சவள்ளியைப் பார்த்து, பாத்தியா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் நடராஜா, கையில் பெட்டியோடு படபடவென்று உள்ளே வந்தார்.

"நேத்து நான் தோட்டத்துல இல்ல. இப்பதான் மண்டோர் சொன்னாரு. அம்சவள்ளிக்கு ரத்தமே இல்லயாமே! எத்தன நாளா?"

முறுக்கைக் கடித்த பாலன் மென்று விழுங்க மறந்துபோனான். இராஜம்மா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ரத்தம் இல்லயா? என்ன வியாதி?"

"ஐயோ, வியாதி எல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்று நவமணி குறுக்கே விழுந்தாள். "டிரெசரு வீடு மாறி வந்துட்டாரு."

"பேரச் சொல்லித்தானே கேட்டாரு? எதையோ மறைக்கிறீங்க." இராஜம்மா எழுந்துவிட்டாள். "தாய்க்கு இருக்கறது நாளைக்குப் பொண்ணுக்கு வராதா? பாலா, எந்திரி."

கங்காவின் முகம் வெளுத்துவிட்டது. அம்சவள்ளி அவசரமாக இராஜம்மாவின் பக்கம் வந்தாள். போச்சு, எல்லாம் போச்சு! வாயைத் திறந்தால் என்ன சொல்வது? யார் நம்புவார்கள்?

அப்போதுதான் மூலையிலிருந்து சேதுவின் குரல் வந்தது.

"வியாதி இல்லீங்க. லிப்ஸ்டிக் இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். சேது வாயைத் திறந்ததே பெரிய அதிசயம்.

"அவ தெனம் போடுவா. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு போடல. அத்தோட சரி," என்றவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "டின்ன எடுத்துட்டு வாக்கா."

"டேய், என்னடா நீ..."

"எடுத்துட்டு வா."

நவமணி முனகிக்கொண்டே பையைத் திறந்து டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்ததும் அம்சவள்ளியின் கண் முதலில் போனது சிரப்பின் மேல். சாய்வாகத் தேய்த்து அவள் பத்திரமாக வைத்திருந்த நுனி மொண்ணையாகியிருந்தது. நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். நவமணி சன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, அது பிறகு.

குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த கங்கா பட்டுச் சேலை சரசரக்க எழுந்து வந்தாள். ஜம்புவை எடுத்தாள். எல்லார் முன்னாலும் தாயின் மோவாயைப் பிடித்தாள்.

"லேசா சிரிங்கம்மா," என்றாள். "அன்னிக்கே அத்தைகிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்துட்டேம்மா."

அம்சவள்ளிக்கு அந்த ஒரு சொல் போதும். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. மகள் கீழுதட்டைப் போட்டு முடித்தபோது அவள் சிரித்தேவிட்டாள்.

"ஆ! இதான்லா அம்சவள்ளி!" என்றார் டிரெசர். அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "ரத்தம் குடம் குடமா இருக்கு. அந்த மண்டோர நான் போய்ப் பேசிக்கிறேன்." நாலு முறுக்கை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

இராஜம்மா மறுபடி உட்கார்ந்தாள். அம்சவள்ளியின் உதட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"மனசுல பட்டத சொல்லிடறேன். எனக்கு இது பிடிக்கல."

"பிடிக்க வேணாங்க," என்றாள் அம்சவள்ளி. குரலில் சண்டை இல்லை. "உங்க மருமக போடணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போது நான் இப்படித்தான் நிப்பேன். அத இன்னிக்கே பாத்துக்கங்க."

"அதான் பாத்துட்டேனே." இராஜம்மா ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்தாள். "மூடி வச்சதுக்குத்தான் பயந்தேன். இனிமே எங்ககிட்ட எதையும் மூடாதீங்க. நல்ல நாள் பாக்கலாம்."

தை பிறந்ததும் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. கங்காவுக்கு அலங்காரம் செய்தது யார் என்று சொல்லவா வேண்டும். படம் பெரிசாக, கலரில் வந்தது. அம்சவள்ளியின் ஜம்பு ஜம்புவாகவே விழுந்திருந்தது. பக்கத்தில் நவமணி வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு மூடினாலும் ஓரத்தில் சிரப்பு தெரிகிறது. அந்த மொண்ணைச் சிரப்பை அவளுக்கே கொடுத்துவிட்டிருந்தாள் அம்சவள்ளி.

சேது அந்தப் படத்தைப் பழைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கீழே நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்த அம்சவள்ளி பெருமூச்சு விட்டாள்.

"எம் பொண்ணுக்கு எல்லாக் கலரும் விழுந்திருக்கு. எனக்குத்தான் அந்தக் கிள்ளான்காரி என்ன போட்டாளோ, தெரியாமயே போச்சு."

"ரம்புத்தான் பழுக்கறதுக்கு முந்தி ஒரு கலர் இருக்குமே," என்றான் சேது, ஆணியைப் பார்த்தபடியே. "மஞ்சளும் இல்லாம, சிவப்பும் இல்லாம. அது."

அம்சவள்ளி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? குனிஞ்ச தல நிமிரலயே நீங்க!"

"நீ குள்ளம். குனிஞ்சா உன் மூஞ்சிதானே தெரியும்."

"அடப் பாவி மனுஷா! அப்ப ஏன் இத்தன வருஷமா சொல்லல? ஒவ்வொண்ணா வாங்கிட்டு வந்து இந்தப் படத்துக்கு முன்னால நின்னேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

சேது படத்தை மாட்டி, கோணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கினான்.

"சொல்லியிருந்தா அது ஒண்ண வாங்கிட்டு நிறுத்தியிருப்ப," என்றான். "எனக்கு எல்லாத்தையும் பாக்கணும்போல இருந்துச்சு."

அம்சவள்ளி தோளில் கிடந்த துண்டை உருவி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த வாரம் பாசார் மாலாமுக்கு அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.