காதுக்காரியின் பிஸ்கட் டப்பா

காதுக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷமாகக் காது மிஷின் பழுது பார்க்கிறவள். கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, மெல்லிய ஒயர்களைப் பற்றவைக்க ஒரு சூட்டுக்கோல், அவ்வளவுதான். பிறவியிலேயே அவளுக்கு இடது காது கேட்காது. யாராவது வம்புக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அவளுடைய அண்ணனுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பின்கட்டில் நிற்கும் சிலிண்டர்களிலிருந்து குழாய் வழியாகக் கட்டிலுக்குக் கட்டில் ஆக்சிஜன் போகும்; அதைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒரு மாதமாகச் சிலிண்டர்கள் சீக்கிரமே காலியாயின. எங்கோ கசிகிறது என்றார் அண்ணன். கைக்கு எட்டிய இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியானால் இவர்தான் வெளியே விற்கிறார் என்று நிர்வாகி முடிவு கட்டிவிட்டார். திருட்டுப் புகார், வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை உள்ளே வரக் கூடாது என்று பெயரோடு எழுதி, நாலு மூலையிலும் ஊசி குத்தி, வாசல் பலகையில் மாட்டியும் ஆயிற்று.

"ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வேலையைப் பாருங்களேன்," என்றாள் அண்ணி.

"செய்யாத தப்புக்கு என்ன மன்னிப்பு அண்ணி?" என்றாள் காதுக்காரி. "கசிவு சும்மா இருக்காது, கத்தும். நம்ம காதுக்கு எட்டாத உசரத்துல கத்தும். அதைப் பிடிச்சுக் காட்டுறேன்."

"உனக்கு இருக்கறதே ஒத்தக் காது," என்றார் அண்ணன்.

"ரெண்டு காதை வச்சுக்கிட்டு உங்க நிர்வாகி என்னத்தைக் கண்டாரு?"

மறுநாள் கருவிக் கடைக்குப் போனாள். காதுக்கு எட்டாத அந்த மீயொலியைப் பதியும் மைக்கின் விலையைச் சொன்னார் கடைக்காரர்.

"ஏங்க, இதோட வீடும் சேத்துக் குடுப்பீங்களா?"

"தவணை உண்டும்மா."

"எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தவணை," என்று எழுந்து வந்துவிட்டாள்.

செல்போனில் பதிந்து பார்த்தாள். மனிதக் காதுக்கு எட்டாததை அது வெட்டி எறிந்துவிட்டது. பாட்டுப் பதிவு செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய ஒலிப்பதிவுப் பெட்டியை இரவல் வாங்கினாள். அது எவ்வளவு உயர்ந்த ஒலியையும் பதியும். ஆனால் அவர் கொடுத்த மைக் மேலே ஏற மறுத்தது. பெரிய மைக், உள்ளே ஒலிக்கு அதிரும் தோலும் பெரிது, மெதுவாகத்தான் துடிக்கும்.

சின்னத் தோல் வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் மேசைக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவை இழுத்தாள்.

ஆள் போன பிறகு வீட்டார் கொண்டுவந்து கொடுத்த மிஷின்கள் அதில் கிடந்தன. அவர்கள் அழுதுகொண்டே கொடுப்பார்கள். அவள் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு டப்பாவில் போடுவாள். ஒவ்வொன்றிலும் அரிசி மணி அளவில் ஒரு மைக். மிஷின்தான் உயரத்தை வெட்டுகிறது, மைக் வெட்டுவதில்லை. அதை மட்டும் பிரித்தெடுத்துப் பெட்டியோடு இணைத்தாள்.

சாவிக்கொத்தைக் குலுக்கினால் மீயொலி கிளம்பும். குலுக்கினாள், பதிந்தாள், காதுக்கு எட்டும்படி பத்து மடங்கு மெதுவாக ஓட்டிக் கேட்டாள். வெறும் முனகல். மூன்று மைக் மாற்றியும் அதே கதை. வியாழக்கிழமை மத்தியானம் வந்துவிட்டது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு மைக்கின் வாயிலும் அழுக்குத் தடுப்புச் சல்லடை! காதுக்குள் போகிற பொருளாயிற்றே, வியர்வையும் குறும்பியும் அடைக்காமல் இருக்க அதை மாட்டித்தான் கீழே வைப்பாள். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகவே மாட்டியிருக்கிறது. உயர்ந்த ஒலியை அதுவே விழுங்கியிருக்கிறது.

"உன்னைச் சொல்லணும்," என்று தன் கையைத் தானே ஒரு தட்டு தட்டிவிட்டு, சல்லடையைப் பிய்த்தாள். இந்த முறை பாத்திரக் கடை சரிந்தது போலச் சாவிகள் முழங்கின.

வெள்ளிக்கிழமை காலை, மைக்கைத் துடைப்பக் கம்பில் கட்டிக்கொண்டு, பெட்டியையும் ஒரு மடிக்கணினியையும் தோளில் மாட்டிக்கொண்டு இல்லத்துக்குள் நுழைந்தாள்.

"என்னம்மா இது கூத்து? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று நிர்வாகி பின்னாலேயே வந்தார். இடது காதைக் காட்டியபடி நடந்தாள். மின்விசிறி, இருமல், டிவி எல்லாம் இருந்தும் கணினித் திரையில் உயர்ந்த ஒலிக்கான கோடு படுத்தே கிடந்தது. மூன்றாவது அறையில், மேற்கூரைத் தட்டியை நோக்கிக் கம்பைத் தூக்கியதும் கோடு எகிறியது. மெதுவாக்கிப் போட்டுக் காட்டினாள். அடைமழை கொட்டியது.

"அது உங்க மிஷின் இரைச்சல்," என்றார் நிர்வாகி.

"ஏணி குடுங்க, பாத்துடுவோம்."

"அதுக்கு அனுமதி வேணும்."

"எங்கண்ணனைத் திருடன்னு பலகையில மாட்ட யாருகிட்ட அனுமதி வாங்குனீங்க?"

கட்டிலில் படுத்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார். ஆயாம்மா ஏணியைக் கொண்டுவந்தே விட்டாள். ஐம்பத்தெட்டு வயதில் மேலே ஏறித் தட்டியை நகர்த்தி, உள்ளே மறைந்திருந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழி ஊதியது.

வாசலில் காத்திருந்த அண்ணனை நிர்வாகியே கூப்பிட்டார். அண்ணன் ஸ்பேனரோடு ஏறி இணைப்பை இறுக்கினார்.

"சரி, நாளையிலிருந்து வேலைக்கு வரட்டும்," என்றார் நிர்வாகி, போகிற போக்கில்.

"ஊரறியத் திட்டிட்டு, காதோட காதா கூப்பிடுறீங்களா? அவர் சொன்னதுதான் சரின்னு அதே பலகையில மாட்டுங்க."

நிர்வாகியின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் தட்டச்சு செய்யச் சொன்னார். பலகையில் மேலே இரண்டு ஊசி குத்திவிட்டுத் திரும்பினார்.

"முந்தின பேப்பருக்கு நாலு குத்தினீங்க," என்றாள் காதுக்காரி.

மீதி இரண்டையும் குத்தினார்.