ஓரிக்கை மண்டபத்தில் ஆடாத ஹூலா

சனிக்கிழமை, காலை 6.10. வேலூரில் காஞ்சிபுரம் பேருந்து ஏறினேன். எழுபது கிலோமீட்டர், டிக்கெட் அறுபத்தெட்டு ரூபாய். மடியில் ஒரு துணிப்பை. அதில் நானே தைத்த ஆறு பருத்திப் பாவாடைகள். ஹவாயில் ஹூலா நடனம் பழகுகிறவர்கள் பயிற்சிக்கு உடுத்துவது அதைத்தான்.

என் கணவருக்கு ஹவாய்த் தீவில் ஹீலோ என்ற ஊரில் ஐந்து வருடம் வேலை. வானம் வெளுத்தால்தான் அதிசயம் என்னும்படி மழை பெய்கிற ஊர். அங்கே என்னைவிட மூன்று வயது இளைய மலியா என்பவரிடம் ஹூலா கற்றேன். முதல் மூன்று மாதம் ஓர் அடிகூட அவர் சொல்லித்தரவில்லை. கூடத்தைப் பெருக்கினேன், பாவாடை தைத்தேன், பாட்டுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினேன். வெளியிலிருந்து வந்த பாதிரிமார்கள் அசிங்கம் என்று அடக்கப் பார்த்த நடனம் அது. அதையும் தாண்டிப் பிழைத்ததைச் சுற்றுலா வியாபாரம் பிளாஸ்டிக் புல் கட்டிக் கூத்தாக்கியது. "கை என்ன சொல்கிறது என்று தெரியாமல் இடுப்பை ஆட்டினால், அது எங்களைக் கேலி செய்வது" என்பார் மலியா.

காஞ்சிபுரத்தில் பாஸ்கர் என்று ஒருவர். கல்யாண நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்பவர். மணப்பெண் தாரணி கல்யாணம் முடிந்து ஹவாய் போகிறாளாம். வரவேற்பில் அவளும் ஐந்து பெண்களும் ஹூலா ஆட வேண்டும், இரண்டு நாளில் கற்றுத்தர முடியுமா என்று போனில் கேட்டார். மலியாவிடம் அனுமதி கேட்டேன். ஹீலோ மழையைப் பற்றிய ஒரே ஒரு பாட்டுக்குச் சம்மதித்தார். பொருளைச் சொன்ன பிறகே அடி. துணிப் பாவாடை மட்டும். "நீ மாணவி. அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்." மூன்றுக்கும் சரி என்றேன்.

தாமல் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் இறங்கும்வரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

காலை 8.20. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து ஓரிக்கை மண்டபத்துக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்கதானம்மா அந்த டான்ஸ் மேடம்? பேனர்ல பாத்தேன்."

"என்ன பேனர்?"

"மண்டபத்து வாசல்ல கட்டிக்கினு இருக்காங்கோ. கொட்டாங்குச்சி கட்டிக்கினு ஆடுவாங்களாமே, அந்த டான்ஸ்தான?"

வாசலில் ஆளுயரத்துக்கு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே கொட்டை எழுத்தில் ‘ஹவாய் ஹூலா குரு’. என் படத்தின் இரண்டு பக்கமும் கொட்டாங்குச்சி மார்க்கச்சு கட்டிய வெள்ளைக்காரப் பெண்கள். 

உள்ளே பாஸ்கர் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பச்சை பிளாஸ்டிக் புல் பாவாடை ஆறு, சாயம் பூசிய கொட்டாங்குச்சி ஆறு ஜோடி.

"மேடம், காஸ்ட்யூம் ரெடி. பாட்டும் மாத்திட்டோம். உங்க பாட்டு ரொம்ப ஸ்லோ. சினிமா ரீமிக்ஸ் ஒண்ணு வெச்சிருக்கேன்."

"இது ஹூலா இல்லை. போனில் எத்தனை முறை சொன்னேன்?"

"ஜாலிக்குத்தான மேடம்? இங்க யாருக்குத் தெரியப்போவுது?"

அந்தக் கேள்வியில்தான் வெடித்தேன். பெட்டியைக் காலால் தள்ளினேன். கொட்டாங்குச்சிகள் தரையில் உருண்டன. ஒரு ஊரின் மழையையும் மலையையும் சொல்கிற கைகளுக்கு இதுவா வேஷம் என்று கத்தினேன். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஆட வந்திருந்த பெண்களில் ஒருத்தி சுமதி, தாரணியின் அண்ணி. வீட்டில் மூன்று தறி, பெரிய காஞ்சிபுரத்தில் சின்னதாக ஒரு சேலைக் கடை. அவள் பாஸ்கரைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்க கடைக்கு வர்றவங்களுக்கும்தான் ஒண்ணும் தெரியாது. தெரியலன்னு டூப்ளிகேட் ஜரிகைய அசல்னு குடுத்தா, எங்க மாமனாரு எங்கள உள்ள வுடுவாரா?"

பாஸ்கர் குனிந்து கொட்டாங்குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, குருன்னு போட்டிருக்குதே, அது உங்களக் கேக்காமயா போட்டாங்க?"

பாஸ்கர் உடனே போனை எடுத்துக் காட்டினார். மூன்று நாளைக்கு முன்பே பேனர் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். கீழே என் பதிலாக ஒரு கட்டைவிரல் படம். அன்று நான் பார்த்தது என் முகத்தையும் அந்தக் ‘குரு’வையும்தான். ஓரத்துப் பெண்களைக் கவனிக்கவில்லை. ‘குரு’வைத் திருத்தச் சொல்லவுமில்லை. உண்மையைச் சொன்னால், அது இனித்தது. அதுவரை பாஸ்கர் மேல் இருந்த கோபம் அப்படியே என் மேல் திரும்பியது. அது இன்னும் காரமாக இருந்தது.

காலை 11.00. ஹீலோவில் வெள்ளி மாலை ஏழரை. மலியாவை வீடியோவில் அழைத்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"உன்னை நம்பித்தான் எங்கள் ஊர்ப் பாட்டைக் கொடுத்தேன். மேடை வேண்டாம். உண்மையாகவே கேட்கிறவர்கள் இருந்தால், உட்கார்ந்து பொருள் சொல். அவ்வளவுதான்."

அழைப்பு முடிந்தது. பக்கத்தில் தாரணி நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். மேடையில் ஆட்டம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் அம்மா, "நாளைக்கு ஃபங்ஷன வெச்சிக்கினு இப்பிடி கழுத்தறுக்கிறீங்களே!" என்று பாய்ந்தார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. தாரணியின் கண் கலங்கியது. ஆனால் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சரி, ஆட வேணாம். அர்த்தம் மட்டும் சொல்லிக் குடுங்க மேடம். அங்க போவச்சொல்ல, அவங்க ஆடுறத முட்டாளாட்டம் பாத்துக்கினு நிக்கக் கூடாதுல்ல?"

பிற்பகல் மூன்று மணிவரை சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். இரண்டு பெண்கள் அலுத்துப்போய் எழுந்து போய்விட்டார்கள். நான்கு பேர் இருந்தார்கள். உயர்த்திய கையிலிருந்து விரல்கள் துளித்துளியாக இறங்கினால் மழை. கண் கையின் பின்னாலேயே போக வேண்டும். அது யாருடைய மழை, எந்த மலைச் சரிவில் பெய்வது என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். முதலிலேயே நான் மாணவி என்றும் சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மாலை 4.15. பேனரை அவிழ்க்க ஆள் கேட்டேன். "அப்பறம் பாத்துக்கலாம் மேடம்" என்றார் பாஸ்கர். நாற்காலியை இழுத்துப் போட்டு நானே ஏறினேன். கீழே சுமதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றை அறுக்கச் சமையல் கட்டிலிருந்து கத்தி வாங்கி வந்ததும் அவள்தான். என் முகம் மடங்கி வாசலில் விழுந்தபோது எனக்குத் துளியும் வருத்தமில்லை.

திரும்பும் பேருந்து காவேரிப்பாக்கம் தாண்டும்போது பாஸ்கரின் போன் வந்தது. "சென்னையிலருந்து டான்ஸ் ட்ரூப் பேசிட்டேன் மேடம். கொட்டாங்குச்சியோட வராங்க. உங்கள மாதிரி நூறு கேள்வி கேக்கல." பல்லைக் கடித்துக்கொண்டு வேலூர் வந்து சேர்ந்தேன். ஹீலோவில் ஊர் பேர் தெரியாத என்னை, கூடத்தைப் பெருக்க வைத்தாவது உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இங்கே அவர்களுடையதை வாசலில் கட்டி விற்றோம். அதில் என் கட்டைவிரலும் இருந்தது.

திங்கட்கிழமை சுமதி கூப்பிட்டாள். சென்னைக் குழு வந்ததாம். கொட்டாங்குச்சியைப் பார்த்ததும் தாரணி, "சுடிதார்ல ஆடுறதுன்னா ஆடுங்க, இல்லன்னா சாப்ட்டுட்டு கிளம்புங்க" என்றாளாம். ஆடினார்களாம். அதற்கு முன் பாஸ்கர் மைக்கில், "அடுத்து, ஹவாயின் பாரம்பரிய நடனம்!" என்று முழங்கியிருக்கிறார்.

"கல்யாணப் பொண்ணு எழுந்து போயி மைக்க புடுங்கிக்கிச்சுங்க" என்றாள் சுமதி. "‘இது ஹவாய் டான்ஸ் இல்லீங்க, சினிமா பாட்டு. நல்லாருக்கும், பாருங்க’ன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துக்கிச்சு."

சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. முந்நூறு பேர் முன்னால், பட்டும் நகையுமாக, மாமியார் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறாள். நான் என் வீட்டு நாற்காலியில் தனியாக உட்கார்ந்துகொண்டு, ‘குரு இல்லை, மாணவி’ என்று ஒற்றை விரலால் சொல்லியிருக்கலாம்.