வாரின் மறுமுனையைப் பிடித்த கை

என் அக்காவின் கணவர் சலூன் நடத்துகிறார். இன்றும் மடக்குக் கத்தியால்தான் சவரம். கத்தியைவிட, அதைத் தீட்டும் தோல்வாரைத் தேர்ந்தெடுக்கத்தான் அவர் அதிகம் மெனக்கெடுவார். முகர்ந்து பார்ப்பார், மடித்துப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் நீளவாக்கில் தடவுவார். ஓரிடத்தில் சொரசொரப்புத் தட்டினாலும் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். கூர் தீட்டும் பசை பூசிய வாரும் வெறும் வாரும் ஒரே ஆணியில் தொங்கக் கூடாது. பச்சைப் பசையின் ஒரு துகள் வெறும் தோலில் ஏறிவிட்டால், பிறகு அந்த வார் இடுப்பில் கட்டத்தான் ஆகும் என்பார்.

அவருக்கு வார் வெட்டிக் கொடுப்பவன் நான். யாரிடமும் கற்றதில்லை, கெடுத்துக் கெடுத்துத் தேறியவன். ஒவ்வொரு வாரிலிருந்தும் விரலளவு துண்டை நறுக்கி, எந்தத் தோல், எங்கே வாங்கியது என்று சீட்டு ஒட்டிக் கோப்பில் வைத்திருப்பேன்.

ஒரு முறை மாமா மாடிப்படியில் வழுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்துக் கடை திறந்ததும் கத்தி தகராறு செய்யத் தொடங்கியது. கல்லில் தேய்த்தவுடன், சோதிக்கப் பிடித்த முடியை அறுக்கும். வாரில் இழுத்த பிறகு அதே முடி அறுபடாமல் வளையும். பச்சைப் பசை பூசினார், பிறகு சிவப்புப் பசை பூசினார். பசை கூடக் கூட மழுக்கமும் கூடியது. சவரம் முடிந்து எழுந்த ஒருவர் கன்னத்தைத் தடவியபடி, இது சவரமா களை பிடுங்குவதா என்று கேட்டாராம். அதற்குக் கடையில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் நான் புது வாருடன் உள்ளே நுழைந்தேன்.

"மச்சான், சொந்தக்காரன்தானேன்னு கழிச்ச தோலை என் தலையில கட்டுறியா?" என்றார், காத்திருந்தவர்கள் காதுபட.

அந்தப் பேச்சு அங்கேயே நிற்கவில்லை. வேறு இரண்டு சலூன்கள் என்னிடம் வாங்குவதை நிறுத்தின. கடை விடுமுறையன்று கோப்போடு போய், துண்டுகளை அவர்முன் பரப்பினேன். அவர் எகிறவில்லை. ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தார். பிறகு, பல ஆண்டுகள் குறையின்றி உழைத்த பழைய வாரை எடுத்து மாட்டி, கத்தியைக் கல்லில் தேய்த்து, வாரின் மறுமுனையை இடது கையில் பிடித்து, அதில் இழுத்தார். முடி வளைந்தது. ஆக, குற்றம் தோலில் இல்லை. பசையும் அதில் பட்டதே இல்லை.

துவாலை மடித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார்.

"ஏங்க, வாரு கொடிக்கயிறு மாதிரி தொங்குது. இப்படிக் குடுங்க."

மறுமுனையை வாங்கி விறைப்பாக இழுத்துப் பிடித்தார். மாமா கத்தியை மறுபடி கல்லில் தேய்த்து, வாரில் இழுத்தார். முடி தொட்டதும் துண்டாக விழுந்தது. வார் தொய்ந்தால் கத்தியின் விளிம்பைச் சுற்றி வளைந்து கூர்மையை மழுக்கிவிடும். சவரத்தின்போது கன்னத்தை இழுத்துப் பிடிக்க விரல்நுனி போதும். வாரை இழுக்க முழுப் பிடி வேண்டும். அது அவர் இடக்கைக்கு இன்னும் திரும்பவில்லை.

அவர் வாடிக்கையாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோலை மாற்றியாகிவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம், கையைப் பற்றி வெளியே மூச்சு விட வேண்டாம் என்றார் அக்கா. கை தளர்ந்தவனிடம் யார் கழுத்தை நீட்டுவார்கள் என்பது அவர் கேள்வி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என் பெயர் கெட்டது கெட்டதுதான் என்று எண்ணிக்கொண்டேன். மாமா என்னை மறுநாள் காலையில் கடைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் மூவர் காத்திருந்தார்கள். மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு இவன் தோலைக் குறை சொன்னேன். தோல் நல்ல தோல்தான். என் இடது கைதான் இன்னும் தேறல. இவன்மேல பழி போட்டது தப்பு."

ஒருவருக்கு உடனே வீட்டில் ஏதோ வேலை நினைவு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்தினார். மாமா காலி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். மூன்றாமவர் பேருந்து ஓட்டுநர்; எல்லாரும் 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள்.

"நீங்க கத்திய எந்தக் கையில பிடிக்கிறீங்க?"

"வலது கையில."

"அப்புறமென்ன? வண்டி எடுக்கணும், சீக்கிரம்" என்று ஏறி உட்கார்ந்து மோவாயைத் தூக்கினார்.

அக்கா எல்லார் முன்னிலும் வாரின் முனையைப் பிடித்து இழுத்தார். அந்தச் சவரத்தில் ஒரு கீறல் இல்லை. செய்தித்தாள் மெல்ல இறங்கியது.

வாங்குவதை நிறுத்திய சலூன்களில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது இன்னும் வரவில்லை. மாமாவோ, இழுத்துப் பிடிக்கவே தேவையில்லாதபடி பலகைமேல் தோலை ஒட்டித் தரச் சொன்னார்: வெறும் தோலுக்கு ஒன்று, பச்சைப் பசைக்கு ஒன்று. முதல் பலகையைக் கொண்டுபோனபோது கடை நிறைய ஆட்கள். அவர் அதன்மேல் இரும்பு அளவுகோலை நிறுத்தி ஜன்னல் பக்கம் பிடித்தார். அளவுகோலுக்கு அடியில், நடுவில் வெளிச்சம் கசிந்தது.

"தோல் அருமை மச்சான். பலகைதான் கோணல்."

நானும் குனிந்து பார்த்தேன். கோணல்தான். எடுத்துப் போய் மறுபடி இழைத்தேன்.