அளவு தெரியாத ஞானஸ்நான உடுப்பு

இடது கைப் பெருவிரல் வெள்ளைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடிக்க, வலது கை ஊசியை நுழைத்து இழுத்தது. நூல் மேல்பக்கம் தெரியக் கூடாது. தெரிந்த இடத்தை விரல்கள் பிரித்துவிட்டு மறுபடி தைத்தன. கழுத்துக்கு லேஸ் வைத்தாயிற்று. பக்கங்கள் மட்டும், பிறகு பிரிக்கும்படி, பெரிய ஓட்டுத் தையலில் நின்றன. உள்ளே துணி தாராளமாக விடப்பட்டிருந்தது. உடுப்பைப் போடப்போகும் பிள்ளையின் அளவு தைக்கிறவளுக்குத் தெரியாது. பிள்ளை அவளுடைய பேரன்தான்.

நேமத்தில் ஒற்றை மெஷினை வைத்துப் பிழைக்கிற ராகேல் யாரிடமும் தையல் படித்தவளில்லை. பழைய சட்டைகளைப் பிரித்துப் பார்த்தே வெட்டக் கற்றவள். ஒரே மகள் ஷிஜா, தங்கள் சபை அல்லாத கடலோரத்துக் கத்தோலிக்கப் பையன் லிஜோவைக் கட்டப்போவதாகச் சொன்னபோது, "உன் கல்யாணத்துக்கு இந்த மெஷின் ஓடாது" என்று சொல்லிவிட்டாள். அதோடு மகள் அம்மாவின் நம்பரைத் தடுத்துவிட்டாள். வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வருகிற ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று மீன்காரி சொன்னாள். எந்தத் தேவாலயம் என்று அவளுக்கும் தெரியவில்லை. ராகேலின் குடும்பத்தில் அம்மாவைப் பெற்றவள் தைத்த உடுப்பில்தான் பிள்ளைகள் ஞானஸ்நானத்துக்குப் போவார்கள்.

"ஷிஜா எப்பவும் ரீல்ஸ்லதான கெடப்பா. நீங்களும் பேசிப் போடுங்க மாமி, எப்படியும் அவ கண்ணுல படும்" என்று வழி சொன்னது ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஷாலு. மாமியின் போனில் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்து, எந்த வட்டத்தை அமுக்க வேண்டும் என்றும் காட்டிவிட்டுப் போனாள்.

ராகேல் தினமும் போனை நூல் டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசினாள். தன் முகத்தைத் திரும்பப் பார்க்கக் கூச்சம், அப்படியே அனுப்பிவிடுவாள். பார்ப்பவர்கள் பெருகினார்கள். மகளிடமிருந்து ஒன்றும் இல்லை. தெருவில் ஆட்டோ நின்றாலே எழுந்து வாசலுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஷாலு ஜாக்கெட் வாங்க வந்தாள்.

"ஆயிரம் பேரு பாத்தாச்சுண்ணு காட்டுது மக்களே. நான் பெத்தவ மட்டும் பாக்கல."

ஷாலு ஒவ்வொரு வீடியோவாகத் தள்ளிப் பார்த்தாள். "மாமி, இதுல நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

"சொல்லாம? தொண்ட வத்துற வர சொன்னேன்."

"எல்லாத்துலயும் கண்ண மூடி ஜெபம்லா பண்ணுறீங்க. அந்த வட்டம் ஒரு சுத்து முடிஞ்சா ரெக்கார்டு நிண்ணுரும். நீங்க ஆமென் சொல்லி கண்ணத் தொறக்கதுக்குள்ள அது நிண்ணாச்சு."

ஜெபிக்காமல் ராகேல் துணியில் கத்தரி வைத்ததில்லை. இந்த வேலையையும் அப்படித்தான் தொடங்கியிருந்தாள்.

"கீழ ஆமென் ஆமென்னு இத்தன பேரு. ஒருத்தரு, சிஸ்டர், எங்க ஆடு காணல, அதுக்கும் சேத்து ஜெபிங்கண்ணு கேட்டிருக்காரு." சிரித்த ஷாலு, மாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ராகேல் மெஷின்மேல் கையூன்றி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் நின்றுபோன போனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். இருப்பது இன்னும் ஒரே நாள்.

"இப்ப எடு மக்களே" என்றாள். "எம் மூஞ்சி வேண்டாம். உடுப்பக் காட்டு."

ஷாலு பிடித்தாள். ராகேல் உடுப்பை விரித்து, ஓட்டுத் தையலில் நின்ற பக்கங்களைத் தூக்கிக் காட்டினாள். "ஷிஜா, பிள்ளைக்கு உடுப்பு தச்சிருக்கேன். அளவு தெரியாம பக்கம் அடிக்கல. எங்கிட்ட பேசாண்டாம். அளவு மட்டும் சொல்லு."

சனிக்கிழமை மத்தியானம்வரை ஆமென்கள்தான் வந்தன. பிறகு, படமில்லாத ஒரு கணக்கிலிருந்து நாலு வரி.

"நீளம் இருபது. மார்பு பதினெட்டு. கைக்குழி லூசா வேணும், குண்டன். லிஜோ வருவார்."

அம்மா என்றுகூட இல்லை. ராகேல் அந்தக் 'குண்டன்' என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு ஓட்டுத் தையலைப் பிரித்து, பக்கங்களை மெஷினில் அடித்து, கைக்குழியைத் தளர்த்தி, இஸ்திரி போட்டாள்.

சாயங்காலம், இஸ்திரி முடிந்த கையோடு லிஜோவின் பைக் வந்து நின்றது. ராகேல் அவனைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"அவ வரல அம்மே" என்றான் லிஜோ. "நானும் நிர்ப்பந்திக்கல."

"எந்தச் சர்ச்சுண்ணு..."

அவன் ஹெல்மெட்டின் வாரைத் திருகினான். "அவகிட்ட கேட்டுட்டுச் சொல்லட்டா?"

ராகேல் சரியென்று தலையாட்டினாள். உள்ளே போய், பழைய வெள்ளை வேட்டித் துணியில் உடுப்பைப் பொதிந்து எடுத்து வந்தாள்.

"சூடு ஆறல, மடக்கிராத" என்று சொல்லி, அவன் நீட்டிய இரண்டு கைகளிலும் படுக்கவைத்தாள்.